லொட்ஜ் என்பதும் வாடிவீடு என்பதும்

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்பையில் இரண்டு இரவு தங்கிவிட்டு வீடு திரும்பியதும் அம்மா கேட்டார்: "வாடிவீட்டிலயோ நிண்டனீங்கள்?" நாங்கள் தங்கிய இடத்தின் பலகையில் லொட்ஜ் என்றுதான் எழுதியிருந்தது. அம்மாவின் சொல்லைக் கேட்டுப் பல காலமாகியிருந்தது. அது மனதில் நின்றுவிட்டதால் இரண்டு சொற்களையும் தேடிப் பார்த்தேன்.

லொட்ஜ், தமிழ்நாட்டு எழுத்தில் லாட்ஜ். பேச்சு வழக்கில் அது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இரவு தலைசாய்க்கும் அறை. கடலோரத்திலோ காட்டோரத்திலோ நாலு நாள் ஓய்வாகத் தங்கும் சிறிய இடத்துக்கும் இப்போது அதே பெயர். இந்த இரண்டாவது பொருள்தான் சொல்லின் பிறப்புக்குக் கிட்ட நிற்கிறது.

13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. பழைய பிரெஞ்சு மொழியில் லோஜ் என்றால் குடில், கொடிப்பந்தல். அதற்கும் பின்னால் ஒரு ஜெர்மானியச் சொல் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் இன்றும் தோட்டத்துப் பந்தலை லௌப என்கிறார்கள். இலைதழையைக் குறிக்கும் லௌப் என்ற சொல்லோடு இதற்கு உறவு சொல்வோரும் உண்டு. பெரிய ஹோட்டல்களின் முன்கூடத்துக்குச் சொல்லும் லாபியும் இதே வேரில் முளைத்ததுதான். ஆக, லொட்ஜ் முதலில் கட்டடமே அல்ல, கிளையும் தழையும் போட்டு வேய்ந்த ஒதுக்கிடம். அப்புறம் கல்தச்சர்கள் வேலை நடக்கும் இடத்தில் போட்டுக்கொண்ட கொட்டகைக்கு அந்தப் பெயர் போனது. வேட்டைக் காலத்தில் மட்டும் வந்து தங்கும் காட்டு வீட்டுக்கும் போனது. இன்றைய ஓய்வு விடுதி என்ற பொருள் அந்த வேட்டை வீட்டின் தொடர்ச்சி. பருவம் வந்தால் வருவது, முடிந்தால் போவது என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

தழை வேய்ந்த குடிலுக்குத் தமிழில் பழைய பெயர் குரம்பை. நற்றிணையில் ஒரு நெய்தல் பாட்டு, 'முண்டகம் வேய்ந்த குறியிறைக் குரம்பைக் கொழுமீன் கொள்பவர் பாக்கம்' என்கிறது. முண்டகம் உப்பங்கழியோரத்து முட்செடி. குறியிறை என்பது தாழ்ந்த, குட்டையான கூரை விளிம்பு. கொழுத்த மீன் பிடிப்பவர்களின் ஊர் பாக்கம். மீனவர் ஊரையும் அதன் குடிலையும் இரண்டே அடியில் கண்முன் நிறுத்தும் இந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் குரம்பை இன்று பேச்சில் இல்லை. பலகையில் எழுதினால் படிப்பவருக்கு விளங்காது.

வாடி அப்படியல்ல, உயிரோடு இருக்கிறது. வேலி அடைத்த இடம், வளவு என்பது அதன் அடிப்படைப் பொருள். விறகு வாடியிலும் சல்லிக்கட்டின் வாடிவாசலிலும் இருப்பது அதே வாடி. இலங்கையின் கரையோரங்களில் வாடி என்றால் தொழிலுக்கு வந்த மீனவர்கள் மணலில் போட்டுக்கொள்ளும் தற்காலிகக் குடில். கிடுகுக் கூரை, உள்ளே வலை, கயிறு, பாய், சமையல் சட்டி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையின் கடல் கொந்தளிக்கும், கிழக்குக் கரையில் தொழில் செய்யலாம். அதனால் நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் கொக்கிளாய், முல்லைத்தீவு என்று கிழக்கே வந்து வாடி போடுவார்கள். காற்று மாறினால் திரும்பிப் போவார்கள். சிங்களத்திலும் இது வாடிய என்றே வழங்குகிறது. அறுகம்பையில் அலைச்சறுக்குக்கு ஆட்கள் வந்து குவிவதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான். படகுகள் ஏற்றி வைத்த மணலுக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கான அறைகளும் இருக்கின்றன.

வாடியோடு வீடு சேர்ந்ததுதான் வாடிவீடு. பயணம் போகும் அதிகாரிகள் இடையில் தங்கிச் செல்வதற்காகக் காலனி ஆட்சிக் காலத்தில் அமைந்த ரெஸ்ட் ஹவுஸ்களை இலங்கைத் தமிழர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். கடலோ குளமோ பார்த்தபடி, அகன்ற விறாந்தையோடு இருப்பவை பல. கல்முனையில் வாடி வீட்டு வீதி என்றே ஒரு வீதி இருக்கிறது.

வடமொழியில் வாடீ என்றால் வேலியிட்ட இடம், நம் வாடி அதிலிருந்து வந்தது என்று காட்டுவார்கள். தனித்தமிழே வேண்டும் என்பவர்கள் விடுதி என்று எழுதலாம். அதுவும் நல்ல சொல்தான். விடுமுறை, விடுதலை, வீடு எல்லாம் பிறந்த 'விடு' என்ற வேரில் வந்தது. ஆனால் மாணவர் தங்குவதும் விடுதி, மகளிர் தங்குவதும் விடுதி, நகரத்து ஹோட்டலும் விடுதி என்றாகிவிட்டது. கடலோர விடுதி, ஓய்வு விடுதி என்று அடைமொழி சேர்த்தால்தான் பொருள் தெளியும். ரிசார்ட்டுக்கு உல்லாச விடுதி என்று எழுதுகிறார்கள். நீச்சல் குளமும் விருந்துக் கூடமும் உள்ள பெரிய இடத்துக்கு அது சரி, நாலைந்து அறை உள்ள அமைதியான இடத்துக்குப் பொருந்தாது. கபானா என்று பலகை வைத்திருப்பதைக் குடில் என்று எழுதினாலே போதும், ஸ்பானிய மொழியில் அதற்கும் குடிசை என்றுதான் பொருள்.

மீனவர் ஊருக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி, சில நாள் தங்கி இளைப்பாறும் சிறிய இடத்துக்கு நான் வாடிவீடு என்றுதான் எழுதுவேன். இலங்கைக்கு வெளியே இருப்பவருக்கு முதல் தடவை மட்டும் 'கடலோர வாடிவீடு' என்று சேர்த்துச் சொன்னால் புரிந்துவிடும்.