ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்து வீடு வாங்காதீர்கள்

சித்திரையில் வீடு பார்க்கிறார்கள், ஆனியில் பத்திரம் பதிகிறார்கள், ஆவணியில் பால் காய்ச்சுகிறார்கள். ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல மழை பெய்ததும் தரைத்தளக் குளியலறையில் கழிவுநீர் மேலே ஏறி வருகிறது. சென்னைப் புறநகரில் வருடா வருடம் இதேதான். கேட்டால் பதிலும் ஒன்றுதான்: "வாங்கும்போது பார்த்தோமே சார், தண்ணி நல்லா போச்சே!"

தயவுசெய்து இந்தத் "தண்ணி போச்சே"வை விட்டுவிடுங்கள். ஒரு வாளித் தண்ணீர் எந்தக் குழாயிலும் போகும், அடைத்த குழாயிலும் போகும். 4 அங்குலக் குழாய் 10 அடி நீளம் காலியாகக் கிடந்தால் அதிலேயே 25 லிட்டர் பிடிக்கும். நீங்கள் ஊற்றிய வாளி அதற்குள்ளேயே நின்றுவிட்டது. அதைத் தாண்டினால் செப்டிக் டேங்க், அப்புறம் அதிலிருந்து வழியும் கழிவுநீரை மண் உறிஞ்சுவதற்காக சிமெண்ட் உறைகளை இறக்கிய உறைக்கிணறு. 3 அடி விட்டம், 1 அடி உயரம் உள்ள ஓர் உறையில் 200 லிட்டர் கொள்ளும். பத்து உறை இறக்கியிருந்தால் 2,000 லிட்டர். பூட்டிக் கிடந்த வீட்டில், கோடையில் அது காய்ந்து கிடக்கும். ஐந்து பேர் குடிவந்து ஆளுக்கு 135 லிட்டர் செலவழித்தால்கூட நிரம்ப மூன்று நாள் ஆகும். அதாவது, ஒரு சொட்டும் உறிஞ்சாத களிமண்ணில் இறக்கிய உறைக்கிணறுகூட மூன்று நாளைக்கு நல்ல உறைக்கிணறு போலத்தான் தெரியும். தண்ணீர் எங்கே போகிறது, நிலத்தடி நீர் ஏறி நிற்கும் கார்த்திகையில் அங்கே இடம் இருக்குமா என்று கேளுங்கள்.

பாதாளச் சாக்கடை இருக்கிறது என்றால் சரி, ஆனால் இணைப்புக்கான காகிதத்தைக் கேளுங்கள். வரி ரசீதைக் காட்டுவார்கள். வரி வேறு, இணைப்பு வேறு. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சேர்ந்த பகுதிகள் பலவற்றில் கழிவுநீர்க் குழாய் பல வருடம் கழித்துத்தான் வந்தது. அந்த இடைவெளியில் மழைநீர் வடிகாலில் குழாயைச் சொருகிய வீடுகள் ஏராளம். அது சட்டவிரோதம். நாளை அதை அடைத்தால் அடைபடுவது உங்கள் வீடு.

30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். ஒரு சேம்பர் (கழிவுக் குழாய்கள் வந்து சேரும் சின்னத் தொட்டி) மூடியைத் தூக்கிப் பார்க்க ஏன் இவ்வளவு கூச்சம்? கடப்பாரையோடு ஒரு பிளம்பரை அழைத்துப் போங்கள். எல்லா மூடியையும் திறக்கச் சொல்லுங்கள். குழாய் வாய்க்கு மேலே, சுவரில் கறுப்பாக ஒரு கோடு ஓடுகிறதா பாருங்கள். அதில் முடியும் காய்ந்த சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருந்தால், அந்த உயரம் வரை கழிவு தேங்கி நின்றிருக்கிறது. ஒரே ஒரு சேம்பருக்கு மட்டும் புதுப் பூச்சு என்றால் காரணம் கேட்காமல் நகராதீர்கள்.

பிறகு சோதனை. மாடித் தொட்டியை நிரப்பி எல்லாக் குழாயையும் அரை மணி நேரம் திறந்துவிடுங்கள். 1,000 லிட்டராவது போகட்டும். ஒவ்வொரு கழிவறையாகத் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றி, ஒருவர் கடைசி சேம்பரில் நிற்கட்டும். நீலம் வரவில்லையா? நடுவில் குழாய் உடைந்து மண்ணுக்குள் போகிறது, அல்லது விற்பவருக்கே தெரியாத வேறொரு லைன் இருக்கிறது. வந்து தேங்கினால் சரிவு இல்லை. 4 அங்குலக் குழாய்க்கு 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் இறக்கம் வேண்டும்.

செப்டிக் டேங்க் மூடியைத் திறந்தால் எட்ட நில்லுங்கள். குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். ஆளை மட்டும் இறக்கவே இறக்காதீர்கள். விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குபவரும் திரும்ப மாட்டார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரி வரட்டும், காசு போனால் போகட்டும்.

தெருவைவிட வீடு தாழ்ந்திருந்தால் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) பிடித்து ஒன்றை அளந்துகொள்ளுங்கள்: குளியலறைத் தரை, தெரு மேன்ஹோல் மூடிக்கு மேலே இருக்கிறதா? கீழே என்றால், மெயின் லைன் நிரம்பும்போது ஊர்க் கழிவு உங்கள் குளியலறை வழியாகத்தான் வெளியே வரும். கடைசி சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வ், அதாவது கழிவு திரும்பி வராமல் தடுக்கும் வால்வ் போடலாம். ஆனால் அது மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. இதைச் சொல்லாமலே மாட்டிவிட்டுப் போகிறார்கள். மழைக்கு முன் அதைக் கழற்றிக் கழுவவும் வேண்டும்.

மொட்டைமாடி மழைநீர்க் குழாய் கழிவுநீர் சேம்பரில் இறங்குகிறதா? 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 930 லிட்டர். அதை வெட்டி மழைநீர்த் தொட்டிக்குத் திருப்புங்கள்.

போர்வெல் தண்ணீரை நுண்ணுயிர்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உறைக்கிணற்றுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது நெறி. 40க்கு 60 அடி மனையின் முழு நீளமே அவ்வளவுதான், பக்கத்து வீட்டு உறைக்கிணறு எங்கே என்று யார் பார்த்தது? சம்ப்புக்கு (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) இன்னொரு சோதனை: ராத்திரி மோட்டாரையும் உள்வரும் குழாயையும் மூடி, தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். காலையில் மட்டம் ஏறியிருந்தால் வெளியிலிருந்து ஏதோ உள்ளே வருகிறது.

இவ்வளவையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்யுங்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவர் தனக்குத் தெரிந்த குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியாத குறைக்குத்தான் அது பொருந்தும். மூடியைத் திறந்தால் தெரிந்திருக்குமே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். செப்டிக் டேங்க், உறைக்கிணறு, சேம்பர்கள் எங்கெங்கே இருக்கின்றன, கடைசியாக லாரி வந்தது எப்போது என்று அக்ரிமெண்டில் எழுதி விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.