103 − 45: ஒரே ஒரு கணக்கு போதும்

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளின் கணக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார் ஒரு வாசகி. 68 − 25 = 43, சரி. 52 − 27 = 35, தப்பு. 81 − 46 = 45, அதுவும் தப்பு. "கவனமே இல்லை, என்ன செய்வது?" என்று கேட்டிருந்தார்.

கவனம் பிசகினால் தப்பு இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் விழும். இங்கே கடன் வாங்க வேண்டிய கணக்கு மட்டும்தான் தப்பாகிறது, இரண்டு முறையும் விடை சரியாக 10 கூடுகிறது. அவள் ஏதோ ஒரு விதியை விடாமல் பின்பற்றுகிறாள்.

அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் 1978-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. நிகராகுவா பள்ளிப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விடைகளைக் கணினியில் அலசினார்கள். பல பிள்ளைகளின் தவறுகள் ஒழுங்கானவை, அடுத்த கணக்குக்கு என்ன தப்பு விடை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்!

சரி, இந்தக் குழந்தையின் விதி எது? இரண்டு சாத்தியங்கள் உண்டு. 2-லிருந்து 7 போகாது என்பதால் திருப்பிப் போட்டு 7 − 2 = 5 என்று எழுதியிருக்கலாம். அல்லது கடன் வாங்கி 12 − 7 = 5 என்று சரியாகப் போட்டு, பத்தாம் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்திருக்கலாம். எப்படிப் போட்டாலும் 35 வரும். 2-க்கும் 7-க்கும் வித்தியாசம் 5, 1-க்கும் 6-க்கும் அதே 5. அந்தத் தற்செயல் இரண்டு நோய்களையும் ஒன்றாகக் காட்டிவிட்டது.

இப்போது 103 − 45 கொடுத்துப் பாருங்கள். சரியான விடை 58. திருப்பிப் போடும் குழந்தை 142 எழுதும். கடன் வாங்கிக் குறைக்காத குழந்தை 168 எழுதும். மூன்றாவதாக ஒரு வகை உண்டு, அந்த ஆய்வில் அதிகம் தென்பட்டதும் அதுதான்: பூஜ்யத்தை 9 ஆக்கிவிட்டு, நூறாம் இடத்தைத் தொடாமல் விடுவது. அதற்கு 158 வரும். இந்த வகைக் குழந்தை 52 − 27-ஐச் சரியாகவே போட்டுவிடும், அதனால் பல பரீட்சைகளில் மாட்டாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இதில் அலுப்பதே இல்லை. ஒரே கணக்கு, நான்கு விடைகள், ஒவ்வொன்றும் ஒரு மனதின் வழி.

மருந்தும் வேறுவேறு. திருப்பிப் போடும் பழக்கம் பெரும்பாலும் "சின்னதிலிருந்து பெரியது போகாது" என்று நாமே சொல்லிக் கொடுத்ததிலிருந்து வருவது. 158 எழுதும் குழந்தைக்கு ஒரு நூறு ரூபாய்த் தாளும் மூன்று ஒரு ரூபாய்க் காசும் கொடுத்து, 45 ரூபாயை எடுத்துத் தரச் சொல்லுங்கள். நூறை மாற்றியாக வேண்டும் என்று கை கண்டுபிடித்துவிடும்.

"ஜாதகத்தில் புதன் சரியில்லை, கணக்கு வராது" என்று ஒரு குழந்தையின் காதுபட யாரும் சொல்லக் கூடாது. கோளுக்கும் கடன் வாங்கலுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அதேபோல, மேலும் மேலும் தேர்வு நடத்தச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, ஆசிரியர்கள் வாரம் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டைப் படிப்பதற்கு ஒதுக்க வேண்டும். 10-க்கு 5 என்று மதிப்பெண் போட்ட மறுநிமிடம், நோட்டில் இருந்த தகவல் எல்லாம் போய்விடுகிறது.

அந்த அம்மாவுக்கு: இன்று இரவு 103 − 45 போடச் சொல்லுங்கள். ரப்பர் கொடுக்க வேண்டாம். அடித்த இலக்கங்களோடு அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள். பூஜ்யத்தின் தலையில் என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் பார்க்க வேண்டும்.