இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு வலி இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே ஏன்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருந்து பெங்களூருக்கோ சேலத்துக்கோ போய் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு வருபவர்கள் பலர். தையல் பிரித்து, கைத்தடியையும் விட்டு நன்றாக நடந்துவிட்டால் "வலிதான் இல்லையே" என்று மறுபடி டாக்டரிடம் போவதில்லை. ஆனால் செயற்கை மூட்டைச் சுற்றி எலும்பு கரைவது பெரும்பாலும் வலியே காட்டாமல்தான் நடக்கிறது.

மூட்டின் பந்து, கிண்ணத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறைமேல் ஒவ்வொரு அடிக்கும் உரசுகிறது. அதில் உதிரும் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. உடலின் பாதுகாப்பு அணுக்கள் அவற்றை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. அந்த எரிச்சலில் அவை சுரக்கும் வேதிப்பொருள்கள், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. பழைய வகை பிளாஸ்டிக் ஆண்டுக்கு 0.1 மி.மீ.க்கு மேல் தேய்ந்தால் இந்த ஆபத்து கூடுகிறது. இன்றைய குறுக்குப்பிணைப்பு (மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து உறுதியாக்கிய) பிளாஸ்டிக்கில் தேய்மானம் மிகக் குறைவு. இப்படி எலும்பு கரைவது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவதல்ல. கால்சியம் மாத்திரை இதை நிறுத்தாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, முதல் எக்ஸ்ரேயையும் இப்போதைய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். அதனால் ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த ஃபிலிமையும், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டியிருக்கும் மூட்டின் ஸ்டிக்கரையும் பத்திரமாக வைத்திருங்கள். கம்பெனி, அளவு, லாட் எண் எல்லாம் அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கும். அது இல்லையென்றால், பின்னால் பிளாஸ்டிக் உறையை மட்டும் மாற்ற வேண்டி வரும்போது பொருந்தும் உறையைத் தேடுவது பெரும்பாடு. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். வலி இல்லை என்று மட்டும் அதைத் தவறவிடாதீர்கள்.

நம் மாவட்டங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரை நெடுநாள் குடித்தவர்களின் எலும்பு எக்ஸ்ரேயில் அடர்ந்த வெள்ளையாகத் தெரியும். வெள்ளையாக இருப்பதால் உறுதி என்று எண்ண வேண்டாம். அது எளிதில் நொறுங்கக்கூடிய எலும்பு. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஃபிலிம் இப்படிப்பட்டவர்களுக்கு இன்னும் அவசியம்.

உட்கார்ந்து எழுந்ததும் முதல் சில அடிகளில் தொடையிலோ கவட்டையிலோ வலி வந்தால் மூட்டு தளர்ந்திருக்கலாம். கிருமித் தொற்றும் இப்படியே வலிக்கும், அதனால் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனையும் தேவை. கிண்ணம் உறுதியாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், உறையையும் பந்தையும் மாற்றி, எலும்பு கரைந்த குழியில் எலும்புத் துகள் நிரப்பினால் போதும் என்ற நிலை பலருக்கு இருக்கும். தாமதித்தால் முழு மூட்டையும் எடுத்து மாற்ற வேண்டியிருக்கும்.

மூட்டு மாற்றிய காலில் விழுந்து அடிபட்டு ஊன்ற முடியவில்லை என்றால், இழுத்துக் கட்டு போடவோ எண்ணெய் தேய்த்து நீவவோ கொடுக்காதீர்கள். உள்ளே உலோகத் தண்டைச் சுற்றி எலும்பு உடைந்திருக்கலாம். காலை அசையாமல் வைத்து, பழைய ஃபிலிமுடன் 108-இல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.