மட்டிக்கு இரண்டு தட்டு, மூன்று எழுத்து

போன விடுமுறையில் தக்கலையில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒன்றாம் வகுப்பு படிக்கும் அவள் மகளோடு வாழைப்பழப் பெயர்களுக்குக் கைதட்டி விளையாடினேன். ‘மட்-டி’க்கு இரண்டு தட்டு. ‘செவ்-வா-ழை’க்கு மூன்று. அப்புறம் சிலேட்டில் எழுதச் சொன்னேன். எழுதி எண்ணிப் பார்த்தவள், “மாமா, மட்டியில மூணு எழுத்து இருக்கே, இட்டுக்கு ஏன் தட்டல?” என்றாள்.

தமிழ் வாசிக்கப் பழகும் பிள்ளைகள் பலர் முட்டி நிற்கும் இடம் இதுதான்.

பேச்சு கேட்டுக் கேட்டே வந்துவிடும். வாசிப்புக்கு, ஒட்டி ஓடும் ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் காது வேண்டும். அசை அசையாக, அதாவது ஒரு தட்டுக்கு ஒரு துண்டாகப் பிரிப்பது சின்னப் பிள்ளைக்கும் எளிது. அசைக்குள் இருக்கும் தனி ஒலியைப் பிடிப்பதுதான் கடினம். ‘வா-ழை’ போன்ற சொல்லில் தட்டும் எழுத்தும் ஒத்துப்போகும். புள்ளி எழுத்துக்கோ தனித் தட்டு கிடையாது, முன்னால் உள்ள உயிரொலியோடு ஒட்டிக்கொள்ளும். நாம் அதற்கு ‘இட்’ என்று பெயர் சொல்லிக் கொடுப்பதால் பிள்ளை ‘ம-இட்-டி’ என்று திணறுகிறது. அந்த ‘இ’, உச்சரிக்க வசதியாக நாம் சேர்த்த துணை மட்டுமே.

இதற்கு ஒரு அட்டை விளையாட்டு போதும். ‘ட்’ அட்டையைப் பிள்ளை கையில் கொடுங்கள். ம, மா, மு என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை வைத்து மட், மாட், முட் என்று ஒரே மூச்சில் சொல்லட்டும். நாலைந்து நாள் விளையாடியதும் அக்கா மகளுக்கு அந்த ‘இ’ தானாக உதிர்ந்துவிட்டது.

அடுத்த சிக்கல் கொம்பு. ‘தோவாளை’யில் கண்ணுக்கு முதலில் படுவது இரட்டைக்கொம்பு, காதில் முதலில் விழுவதோ ‘த்’. ஓகார ஒலி கொம்பும் காலுமாகப் பிரிந்து எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. கொம்பு, த, கால் மூன்றையும் தனித்தனி அட்டையாக வெட்டி, மூன்றும் சேர்ந்த பிறகுதான் வாயைத் திறக்கலாம் என்று விதி வையுங்கள்.

மூளையில் வாசிப்புக்கென்று பிறவியிலேயே அமைந்த இடம் இல்லை. முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு துண்டு, பயிற்சியால் எழுத்துக்குப் பழகிக்கொள்கிறது என்கிறார் பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன். கோப்பையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கோப்பைதான், எழுத்து அப்படியில்லை. பிள்ளைகள் சில எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போடுவது அதனால்தான், அதற்காகத் திட்டாதீர்கள். ஒலியைச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினால், எந்தப் பக்கம் வளைவது என்பது கைக்கும் பழகும். திண்ணைப் பள்ளிகளில் மணலில்தானே எழுதினார்கள்!

போன் விளையாட்டுகளையும் பார்த்தேன். ஆட்டுப் படத்தைத் தொட்டால் ‘ஆ’ என்று கத்துகிற வகை எனக்குத் திருப்தியாக இல்லை. பிள்ளை படத்தைத்தான் தெரிந்துகொள்கிறது. ஒலியைக் கேட்டு எழுத்தைத் தேட வைத்து, தப்பானால் உடனே சரியான ஒலியைத் திரும்பச் சொல்லும் விளையாட்டாகப் பார்த்து எடுங்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும்.

ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவள் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து மெதுவாகத் தட்டினாள். மார்த்-தாண்-டம். மூன்று தட்டு. பிறகு விரல்விட்டு எண்ணினாள், ஏழு எழுத்து. “மாமா, முதல் தட்டுல ரெண்டு புள்ளி ஒளிஞ்சிருக்கு!” என்றாள்.