எழுதாமல் விட்டால் கம்பைலரே கண்டுபிடிக்கும்

டி என்ற நிரல்மொழியில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் நினைவகப் பாதுகாப்பில் ஒரு தகுதி உண்டு. 'சேஃப்' என்றால், நினைவகத்தைக் கெடுக்காது என்று கம்பைலரே, அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளே, சோதித்துப் பார்த்தது. 'சிஸ்டம்' என்றால் அந்த உத்தரவாதம் கிடையாது. 'டிரஸ்டட்' என்பதைக் கம்பைலர் சோதிக்காது. எழுதியவர் பேச்சை நம்பி சேஃப் ஃபங்ஷன்களும் அதைக் கூப்பிடலாம். சாதாரண ஃபங்ஷனில் எதையும் குறிப்பிடாவிட்டால் அது சிஸ்டம்தான்.

டெம்ப்ளேட்டில், அதாவது கொடுக்கும் வகைக்கேற்பக் கம்பைலர் பிரதி எடுத்துக்கொள்ளும் அச்சில், அப்படியில்லை. உதாரணத்துக்கு, கணக்கு என்றொரு ஸ்ட்ரக்ட் (தரவுகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு). அதற்குள் கூட்டு என்றொரு டெம்ப்ளேட் ஃபங்ஷன். எந்த வகை மதிப்பைக் கொடுத்தாலும் முழு எண்ணாக மாற்றி மொத்தத்தில் சேர்ப்பதுதான் அதன் வேலை. இது சேஃபா? எழுதும்போது யாராலும் சொல்ல முடியாது. தசம எண்ணைக் கொடுத்தால் பிரச்சினையே இல்லை. இன்னொருவர் எழுதிய வகை, எண்ணாக மாறும்போது நினைவக முகவரியான பாயிண்டரைக் கூட்டிக் கழித்தால்? அங்கே அதே கூட்டு சிஸ்டம் ஆகிவிடும்.

அதனால் கம்பைலர் காத்திருக்கிறது. வகை தெரிந்து பிரதி உருவானதும் உடலை வரிவரியாகப் பார்க்கிறது. சேஃபில் ஆகாத செயலோ சிஸ்டம் ஃபங்ஷனுக்கு ஓர் அழைப்போ இருந்தால் அந்தப் பிரதி சிஸ்டம், இல்லையென்றால் சேஃப். நிரல் தொடங்கும் மெயின் ஃபங்ஷன் சேஃபாக இருந்து, அதிலிருந்து தசம எண்ணோடு கூப்பிட்டால் கம்பைல் ஆகும். அந்த இன்னொரு வகையோடு கூப்பிட்டால் மெயினின் அந்த வரியில் பிழை வரும். பியூர், நோத்ரோ, நோஜிசி போன்ற மற்ற தகுதிகளும் இதே வழியில்தான் முடிவாகின்றன.

சரி, எல்லா ஃபங்ஷனுக்கும் ஏன் இப்படிச் செய்வதில்லை? சாதாரண ஃபங்ஷனின் உடல் வேறு கோப்பில் ஏற்கெனவே கம்பைல் ஆகிக் கிடக்கலாம். கூப்பிடும் இடத்தில் அறிவிப்பு மட்டுமே தெரியும். டெம்ப்ளேட்டுக்கோ உடல் இல்லாமல் பிரதியே எடுக்க முடியாது. எதையும் எழுதாவிட்டால் சேஃப் என்றே கொள்ளும்படி, டி மொழியை உருவாக்கிய வால்டர் பிரைட் கொண்டுவந்த முன்மொழிவு 2020-இல் ஏற்கப்பட்டு, பிறகு திரும்பப் பெறப்பட்டதும் இந்த உடல் விவகாரத்தால்தான்: உடலே கண்ணில் படாத சி ஃபங்ஷன்களுக்கும் சேஃப் முத்திரை விழுந்திருக்கும்.

விவரம் தெரிந்தவர்கள் சாதாரண ஃபங்ஷனிலும் வெற்று அடைப்புக்குறி ஒன்றைக் கூடுதலாகப் போட்டு அதை டெம்ப்ளேட்டாக்கிவிடுவார்கள். பார்க்க அசிங்கம்தான், ஆனால் வேலை செய்கிறது. இதே ஸ்ட்ரக்டை டெம்ப்ளேட்டாக எழுதியிருந்தால் அந்தக் குறுக்குவழியும் வேண்டாம். உள்ளிருக்கும் சாதாரண ஃபங்ஷன்களின் தகுதியையும் கம்பைலரே கணிக்கும்.

கூட்டுவின் தலையில் டிரஸ்டட் என்று எழுதுவதுதான் இதில் பெரிய தப்பு. பிழைச்செய்தி உடனே மறையும். ஆனால் நாளை யாரோ எழுதப்போகும் வகைக்கும் சேர்த்து நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டாயிற்று. டிரஸ்டட் தேவைப்பட்டால், அந்த வகையைத் தொடாத வரிகளுக்கு மட்டும் போடுங்கள்; மற்றதைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும்.