ஸ்டோமாவைத் தினமும் பாருங்கள்

பினாங்கில் பெருங்குடல் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஸ்டோமா பராமரிப்பைச் சொல்லித் தரும் தாதி நான். கொலஸ்டமி என்றால், பெருங்குடலின் ஒரு பகுதியை வயிற்றுத் தோலுக்கு வெளியே எடுத்துத் தைத்திருப்பார்கள்; அந்தத் திறப்புதான் ஸ்டோமா. மலம் அதன் வழியே பையில் சேரும். குடும்பத்தார் முதலில் கேட்பது, "வலிக்கிறதா?" என்றுதான். வெளியே தெரியும் அந்தக் குடலுக்குத் தொடு உணர்ச்சி கிடையாது. ஆபத்து வந்தாலும் வலி வராது. ஆகவே கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

உதட்டின் உட்புறம் போல ஈரமாகச் சிவந்திருந்தால் நல்லது. ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறினால் இரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள். பெரும்பாலும் முதல் சில நாள்களிலேயே இது தெரிந்துவிடும். அதனால்தான் தொடக்கத்தில் உள்ளே இருப்பது தெரியும்படியான பையைப் போடுகிறோம். கறுப்பு எவ்வளவு ஆழம் என்று மருத்துவர் சிறு கண்ணாடிக் குழாயும் டார்ச்சும் வைத்துப் பார்ப்பார். மேலோட்டமாக இருந்தால் கண்காணித்தால் போதும்; வயிற்றுச் சுவருக்குக் கீழே போயிருந்தால் மறுபடி அறுவை சிகிச்சை.

தையல் விட்டு ஸ்டோமாவைச் சுற்றி இடைவெளி தெரிந்தாலும், ஸ்டோமா உள்ளே இறங்கினாலும் எங்களிடம் காட்டுங்கள். பெரும்பாலும் மருந்துக் கட்டும், குவிந்த தகடும் (பையைத் தோலோடு ஒட்ட வைக்கும் பகுதி) கைகொடுக்கும்.

வீட்டில் நான் அதிகம் காண்பது தோல் புண். ஸ்டோமாவின் வீக்கம் ஆறு முதல் எட்டு வாரம்வரை வற்றிக்கொண்டே வரும். மருத்துவமனையில் வெட்டிய அளவிலேயே தகட்டை வெட்டிக்கொண்டிருந்தால், இடையில் தெரியும் தோலில் மலம் பட்டுப் புண்ணாகிவிடும். பை மாற்றும்போதெல்லாம் அளந்து, ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு பாட்டிக்குத் தோல் எரிகிறதென்று மருமகள் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவியிருந்தார். அன்பினால் செய்ததுதான். "எண்ணெய் பட்டால் பை ஒட்டாது அம்மா, வெறும் தண்ணீரே போதும்" என்றேன். ஒட்டாத பை கசிந்து, புண் இன்னும் பரவியிருந்தது. நம் ஊர் வெயிலில் வியர்வையும் பசையை இளக்கும். தோலை நன்றாக உலர்த்தியபின் ஒட்டுங்கள்.

துடைக்கும்போது லேசாக இரத்தம் கசிவது இயல்பு. அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டாலோ, ஸ்டோமா கறுத்தாலோ, காற்றும் மலமும் வராமல் வயிறு உப்பி வாந்தி வந்தாலோ, அடுத்த கிளினிக் தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அழைத்துச் செல்ல ஆளில்லையென்றால் 999-ஐ அழையுங்கள்.