ஞாயிறு இரவின் இதம் செவ்வாய் வரை

கல்யாணமாகி அதிக நாள் ஆகாத 214 அமெரிக்கத் தம்பதிகளை இரண்டு வாரம் தினமும் டைரி எழுதச் சொன்னார்கள். இன்று உடலுறவு நடந்ததா, மனம் எப்படி இருக்கிறது, துணையோடு திருப்தியா என்பதுதான் கேள்விகள். ஆண்ட்ரியா மெல்ட்சரின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு இது. உறவு தந்த திருப்தி அன்றிரவே வடிந்துவிடவில்லை, சுமார் 48 மணி நேரம் தங்கியது. ஞாயிறு இரவின் இதம் ஓஎம்ஆர் டிராஃபிக்கையும் மேனேஜரையும் தாண்டிச் செவ்வாய் வரை வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். யாருக்கு அது அழுத்தமாகத் தங்கியதோ, அவர்கள் சில மாதம் கழித்தும் தாம்பத்தியத்தில் கூடுதல் நிறைவோடு இருந்தார்கள்.

இதற்கெல்லாம் காரணம் ஆக்சிடோசின் என்பது வாட்ஸ்அப் விஞ்ஞானம். அதில் பாதி உண்மை. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் தயாராகும் இந்த ஹார்மோன் உறவின் உச்சகட்டத்தில் ரத்தத்தில் கூடுகிறது. பிரசவத்தில் கருப்பையைச் சுருங்க வைப்பதும் இதுதான். பிரெய்ரி வோல் என்று எலி மாதிரி ஒரு பிராணி, ஜோடியாகவே வாழும். அதன் மூளையில் ஆக்சிடோசினைத் தடுத்தபோது ஜோடிப் பிணைப்பு உருவாகவில்லை. 'காதல் ஹார்மோன்' பட்டத்துக்கு அது பெரிய பலமாகிவிட்டது. ஆனால் 2023இல், ஆக்சிடோசினை உணரும் ஏற்பியே இல்லாமல் மரபணு மாற்றி வளர்த்த வோல்களும் ஜோடி சேர்ந்தன, குட்டியும் வளர்த்தன. பாசம் ஒரே ரசாயனத்தில் அடங்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

சரி, எண்ணிக்கையைக் கூட்டினால் மகிழ்ச்சி கூடுமா? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் குழு நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. 64 ஜோடிகளில் ஒரு பகுதியினரிடம், மூன்று மாதத்துக்கு உறவை இரட்டிப்பாக்கச் சொன்னார்கள். மகிழ்ச்சி கூடவில்லை, சற்றுக் குறையவே செய்தது, ஆசையும் குறைந்தது. யாரோ சொல்லிச் செய்வதாக ஆனதுதான் காரணமாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சென்னையில் கருத்தரிப்பு மையத்துக்கு அலையும் தம்பதிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி, ஊரிலிருந்து போனில் 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்ற கேள்வி, இரண்டுக்கும் நடுவில் அந்த இரவு ஹோம்வொர்க் ஆகிவிடுகிறது. செயல் அதேதான், அதற்கு மனம் கொடுக்கும் அர்த்தம் வேறு.

அந்த அர்த்தம் எங்கிருந்து வருகிறது? அனிக் டெப்ரோவின் குழு 2017இல் தேடியது இதைத்தான். உறவையும் மனநிறைவையும் இணைப்பதில் பெரும்பங்கு அன்புக்கு, அதாவது அணைப்புக்கும் முத்தத்துக்கும் இதமான பேச்சுக்கும் இருந்தது. முடிந்ததும் திரும்பிப் படுத்து மொபைலை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு. வற்புறுத்தலும் பயமும் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

ஆசை வராததைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலியல் ஆய்வாளர்கள் ஜான் பேன்கிராஃப்ட், எரிக் ஜான்சன் இருவரும் முன்வைத்த கோட்பாட்டில், பாலுணர்வைத் தூண்டுவதும் அடக்குவதும் இரண்டு தனி அமைப்புகள். வண்டியின் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் மாதிரி. பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பயனில்லை. பெரம்பூரில் சிங்கிள் பெட்ரூம் வீடு, ஹாலில் மாமனார் மாமியார், கட்டிலில் நடுவில் குழந்தை, திறந்தால் கிறீச்சிடும் கதவு. நைட் ஷிஃப்ட் முடித்து அவர் கேபிலிருந்து இறங்கும்போது அவள் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறாள். இதெல்லாம் பிரேக். இதைப் போய் 'என் மேல பிரியம் போயிடுச்சு' என்று படிப்பதால்தான் பல சண்டைகள் மூள்கின்றன என்று நினைக்கிறேன்.

பிரேக் உடனே விடாவிட்டாலும் தொடுகைக்குத் தனி வழி ஒன்று உண்டு. முடியுள்ள தோலில் சி-டாக்டைல் என்ற மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாக வருடினால்தான் அவை நன்றாகத் துடிக்கும். வேகமாகத் தேய்த்தால் அடங்கிவிடும். 2009இல் வந்த ஓர் ஆய்வில், அந்த இழைகள் அதிகம் துடித்த வேகத்தையே மக்களும் அதிக இதமானது என்றார்கள். முன்கையை அப்படி வருடத் தாழ்ப்பாள் போட்ட அறை வேண்டியதில்லை. மாமியார் முன்னால் அதுவும் முடியாது என்பவர்களுக்கு, துணி எடுக்கப் போகிற சாக்கில் மொட்டை மாடி இருக்கிறது.